பழைய ஜிப்சியைக் கரடுமுரடான பாதைக்கு மாற்றியமைப்பது எப்படி? சட்டம் எங்கே குறுக்கிடுகிறது?

புதுடெல்லி: 1985 டிசம்பரில் இந்தியச் சாலைகளுக்கு வந்த மாருதி ஜிப்சி, இன்று புதிதாக விற்பனைக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் இமயமலைச் சாலைகளிலும், தேசியப் பூங்காக்களின் சஃபாரி பாதைகளிலும், ராணுவம் கழித்துவிட்ட வாகனங்களின் ஏலங்களிலும் அதற்கான மதிப்பு குறையவில்லை. பழைய ஜிப்சியை வாங்குவோரில் பலர் முதலில் நாடுவது அதனை உயர்த்தி, பெரிய டயர் பொருத்தித் தரும் பட்டறையைத்தான். அந்த வேலை வாகனத்தின் பாதுகாப்பை மட்டுமன்றி, அதன் பதிவையும் பாதிக்கக்கூடியது என்பதைப் பலர் பணம் செலவழித்த பின்னரே அறிகின்றனர்.

ஜிப்சியின் பலம் அதன் எளிமை. ஏணி வடிவச் சட்டகம், முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், நான்கு சக்கரங்களுக்கும் லீஃப் ஸ்பிரிங் எனும் பட்டை வில், தாழ்விகித கியர் கொண்ட டிரான்ஸ்ஃபர் கேஸ், ஒரு டன்னை ஒட்டிய எடை ஆகியவையே அதனை ஏற்றங்களில் இழுத்துச் செல்கின்றன. தொடக்ககால மாடலில் 970 சிசி என்ஜினும், 1996இல் வந்த ஜிப்சி கிங் மாடலில் 1.3 லிட்டர் என்ஜினும் இடம்பெற்றன. 2000ஆம் ஆண்டில் கார்புரேட்டருக்குப் பதிலாக எம்பிஎஃப்ஐ எரிபொருள் செலுத்துமுறை வந்தது. செங்குத்தான சரிவில் கார்புரேட்டரின் எரிபொருள் மட்டம் சாய்ந்து என்ஜின் திணறும் சிக்கல் அதனால் தீர்ந்தது. வாங்கும்போதே இந்த வேறுபாட்டைக் கவனிப்பது, பிற்பாடு செய்யும் பல மாற்றங்களைவிடப் பயனுள்ளது.

முதலில் பழுது, பிறகே மாற்றம்

இருபது வயதைக் கடந்த வாகனத்தில் முதல் செலவு புதுப்பிப்புக்கே உரியது. தரைத்தகட்டிலும், உடற்பகுதி சட்டகத்தோடு இணையும் இடங்களிலும் துரு அரித்திருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். முன் ஆக்ஸிலின் கிங்பின் பேரிங் தேய்ந்திருந்தால், குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் கட்டுக்கடங்காமல் நடுங்கும். டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் கிழிந்திருந்தால், சுமையின்போது கியர் தானாக விலகக்கூடும். முன்சக்கர ஹப் லாக் இயங்காத ஜிப்சி, நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றிய பிறகும் பின்சக்கரங்களால் மட்டுமே நகரும். இவற்றைச் சரிசெய்யாமல் வாகனத்தை உயர்த்துவது, விரிசல் விட்ட சுவரின்மீது மாடி எழுப்புவதற்கு ஒப்பாகும்.

அடுத்த இடம் டயருக்கு. மணலில் காற்றழுத்தத்தை 15 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தால் டயரின் தடம் அகன்று, வாகனம் புதையாமல் செல்லும். இதற்குத் தேவைப்படுவது ஓர் அழுத்தமானியும், சாலைக்குத் திரும்புமுன் மீண்டும் காற்றடிக்கச் சிறிய கம்ப்ரஸரும்தான். சட்டகத்தோடு உறுதியாக இணைந்த இழுவைக் கொக்கிகளும் அவசியம். பம்பரில் கயிற்றைக் கட்டி இழுப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

உயர்த்துவதன் விலை

ஜிப்சி கிங் வாகனத்தின் 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மி.மீ. பலரும் விரும்பும் 235/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 733 மி.மீ. தரை இடைவெளியில் கிடைக்கும் ஆதாயம் இதில் பாதி, அதாவது 33 மி.மீ. அளவே. அதற்கு ஈடாக ஸ்பீடோமீட்டர் 50 எனக் காட்டும்போது வாகனம் ஏறத்தாழ 55 கி.மீ. வேகத்தில் ஓடும். சிறிய என்ஜினின் இழுவை குறைந்ததுபோல் தோன்றும், பிரேக்கின் சுமை கூடும். டிரான்ஸ்ஃபர் கேஸின் உட்பற்சக்கரங்களைத் தாழ்விகிதத்துக்கு மாற்றுவதே இழுவைக்கு முறையான தீர்வு. ஜிப்சியில் அது கியர்பாக்ஸிலிருந்து தனித்து அமைந்திருப்பதால் இவ்வேலை ஒப்பீட்டளவில் எளிது.

வாகனத்தை உயர்த்த இரு வழிகள் உள்ளன. நீளமான ஷாக்கிள் பொருத்துவது மலிவானது. ஆனால் கூட்டிய நீளத்தில் ஏறக்குறைய பாதியே உயரமாகக் கிடைக்கும், முன் ஆக்ஸிலின் சாய்வுக் கோணமும் மாறி ஸ்டியரிங் நிலைகுலையும். இரண்டாவது வழி, ஆக்ஸிலுக்குக் கீழுள்ள பட்டை வில்லை அதன் மேலே அமர்த்துவது. இதில் ஒரே மூச்சில் சுமார் 5 அங்குல உயரம் கிடைக்கும். அத்துடன் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி அதன் இணைப்புகள் விரைவில் தேயும். பிரேக் ஹோஸ் நீளம் போதாது. ஸ்டியரிங் தண்டு செங்குத்தாகி, ஒவ்வொரு குழியிலும் வாகனம் தானே திசை மாறும். எல்லாவற்றுக்கும் மேலாக ஈர்ப்பு மையம் உயர்வதால், குறுகிய அகலம் கொண்ட ஜிப்சி பக்கவாட்டுச் சரிவில் எளிதாகக் கவிழும். இவற்றை ஒன்றாகச் சரிசெய்யாத பட்டறையிடம் இந்த வேலையை ஒப்படைக்கக் கூடாது.

ஆழமான நீரைக் கடப்போர் ஸ்நார்கெல் பொருத்துகின்றனர். என்ஜினுக்குள் நீர் புகுவதை அது தடுக்கும். ஆக்ஸிலின் காற்றுப்போக்கிக் குழாய்களையும் உயர்த்தாவிட்டால் டிஃபரன்ஷியல் ஆயிலில் நீர் கலந்துவிடும்.

சட்டம் சொல்வது என்ன?

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் மாற்றியமைத்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க வகைசெய்கிறது. பாதசாரிகளுக்கு ஆபத்தான புல்பார்களுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களை அறிவுறுத்தியிருந்தது.

எனவே வில்லை ஆக்ஸிலின் மேலே ஏற்றுவது, சட்டகத்தை வெட்டுவது, வேறு என்ஜின் பொருத்துவது போன்றவை பொதுச்சாலையில் ஓடும் வாகனத்துக்கு உகந்தவை அல்ல. போட்டிகளுக்கென இவ்வாறு மாற்றப்பட்ட வாகனங்களை டிரெய்லரில் ஏற்றி, தனியார் களத்தில் இறக்குவதே பாதுகாப்பான நடைமுறை.

தனிநபர் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்போது வட்டாரப் போக்குவரத்து அலுவலக ஆய்வில் மாற்றங்கள் கண்டறியப்பட்டால் புதுப்பித்தல் மறுக்கப்படலாம். அறிவிக்கப்படாத மாற்றங்களைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனமும் இழப்பீட்டை மறுக்க நேரிடலாம். ஜிப்சியின் அசல் வில்பட்டைகளையும் சக்கரங்களையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாமல் பத்திரப்படுத்துமாறு அனுபவமுள்ள உரிமையாளர்கள் கூறுவது இதனால்தான்.