கொற்றன் வந்து பார்த்த கல்லறை

எகிப்துல, நைல் நதியோட மேற்குக் கரையில, லக்ஸர் ஊருக்கு எதிர்ல, மொட்டை மலைகளுக்கு நடுவுல ஒரு பள்ளத்தாக்கு இருக்கு. மன்னர்களின் பள்ளத்தாக்குன்னு பேர். துட்டன்காமன் கல்லறை இருக்கிற இடம்னு சொன்னா உடனே புரியும். மலையைக் குடைஞ்சு நீளமா உள்ளே இறங்குற கல்லறைகள். அந்தச் சுவர்கள்ல ஒருத்தர் தன் பேரைத் தமிழ்ல கீறி வெச்சிருக்கார். ஒரு தடவை இல்ல. அஞ்சு கல்லறைகள்ல எட்டு இடத்துல. அவர் பேர் சிகை கொற்றன்.

எழுத்து, தமிழி. தமிழ் பிராமின்னும் சொல்லுவாங்க. காலம், கி.பி. 1ஆம் நூற்றாண்டுக்கும் 3ஆம் நூற்றாண்டுக்கும் இடையில. பாரிஸைச் சேர்ந்த ஷார்லட் ஷ்மிட், லொசான் பல்கலைக்கழகத்தின் இங்கோ ஸ்ட்ராவுக் ரெண்டு பேரும் 2024, 2025ல இதை ஆய்வு செஞ்சாங்க. 2026 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்க் கல்வெட்டியல் பன்னாட்டு மாநாட்டுல அறிவிச்சாங்க. ஆறு கல்லறைகள்ல மொத்தம் 30 பொறிப்புகள் வரைக்கும் இந்தியாவிலிருந்து போனவங்க எழுதியது. தமிழ் மட்டும் இல்ல, பிராகிருதமும் சமஸ்கிருதமும் இருக்கு. கொற்றனைத் தவிர கோபான், சாத்தன், கீரன்னு வேற தமிழ்ப் பேர்களும் கிடைச்சிருக்கு.

இந்தச் செய்தி வந்த வேகத்துல வாட்ஸாப்ல என்ன நடந்திருக்கும்னு உங்களுக்கே தெரியும். 'எகிப்தை ஆண்ட தமிழன்' ரேஞ்சுக்குப் போயிருச்சு. அதெல்லாம் வேண்டாம். சுவத்துல இருக்கிறது அதைவிடச் சின்ன விஷயம். ஆனா என்னைக் கேட்டா, அதுதான் பெரிய விஷயம்.

ஏன்னு சொல்றேன். சங்க கால வணிகம்னாலே நம்ம தலைக்குள்ள ஒரு படம் ஓடும். யவனர் கப்பல் முசிறிக்கு வரும், பொன்னைக் கொடுக்கும், மிளகை ஏத்திக்கிட்டுத் திரும்பிப் போகும். சங்கப் பாட்டும் அப்படித்தான் சொல்லுது. ரோமானிய எழுத்தாளர் பிளினியும் அந்தப் பக்கத்துல இருந்து அதையே சொல்றார்: வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சுதுன்னு புலம்புறார். ரெண்டு பக்கமும் சேர்ந்து வரையுற படத்துல பயணம் பண்றவங்க அவங்க. நாம கரையில நின்னு மூட்டை எடுத்துக் கொடுக்கிற ஆளு.

கொற்றன் இந்தப் படத்தை மாத்துறார். அவர் அரபிக் கடலைத் தாண்டி, செங்கடல்ல மேலேறி, பாலைவனத்தைக் கடந்து, நைல் கரைக்குப் போயிருக்கார். போன வேலை போக, நேரம் ஒதுக்கி ஊர் சுத்தியும் பார்த்திருக்கார்.

அந்த நேரம் எங்கிருந்து வந்துச்சு? காத்துல இருந்து. அந்தக் காலத்துக் கப்பல் டைம்டேபிளைக் கொஞ்சம் பாருங்க. எகிப்துல இருந்து இந்தியாவுக்குக் கிளம்பணும்னா ஜூலை மாசம். தென்மேற்குப் பருவக்காத்தைப் பிடிச்சு முசிறிக்கு வருவாங்க. திரும்பிப் போக வடகிழக்குக் காத்து வேணும், அதனால டிசம்பர், விட்டா ஜனவரி முதல் பாதிக்குள்ள இங்கிருந்து கிளம்பிடணும்னு பிளினி எழுதுறார். அப்படிப் போனா, எகிப்து போய்ச் சேரும்போது பிப்ரவரி, மார்ச் ஆயிடும். இது வெறும் கணக்கு இல்ல. எகிப்தோட கிழக்குப் பாலைவனத்துல, வாடி மெனி என்ற இடத்துல ஒரு பாறையில, கயஸ் நுமிடியஸ் ஈராஸ்னு ஒரு ரோமானியர் கி.மு. 2ஆம் ஆண்டு, இந்தியாவிலிருந்து திரும்பி வர்ற வழியில தன் பேரைச் செதுக்கி வெச்சிருக்கார். மாசத்தையும் போட்டிருக்கார். நம்ம கணக்குல அது பிப்ரவரி, மார்ச்.

அப்போ மார்ச்ல எகிப்துல இறங்குற ஒரு தமிழ் வணிகருக்கு அடுத்த காத்து ஜூலையில. நடுவுல நாலு மாசம். சரக்கு வித்தாச்சு, கணக்கு முடிச்சாச்சு, வரி கட்டியாச்சு. வரின்னா லேசு இல்ல, வெளிநாட்டுச் சரக்குல நாலுல ஒரு பங்கை ரோம அரசு எடுத்துக்கும். மிச்ச நாளுக்கு என்ன பண்றது?

வழியும் தோதா அமைஞ்சது. செங்கடல் கரையில பெரனிகே, மையோஸ் ஹோர்மோஸ்னு ரெண்டு துறைமுகம். சரக்கு அங்க இறங்கி, ஒட்டகத்துல ஏறி, கோப்டோஸ் என்ற நைல் நதி ஊருக்குப் போகும். பெரனிகேல இருந்து கோப்டோஸ் 12 நாள் பயணம். வெயில் தாங்காதுன்னு பெரும்பாலும் ராத்திரியில நடப்பாங்க. கோப்டோஸ்ல இருந்து படகுல ஏத்தி அலெக்ஸாண்ட்ரியா. முசிறி வணிகத்துக்காக எழுதின ஒரு கடன் ஒப்பந்தம், 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ், வியன்னாவுல இருக்கு. அதுலயும் இதே வழிதான்: ஒட்டகம், கோப்டோஸ், ஆறு, அலெக்ஸாண்ட்ரியா. இப்போ மேப்ல பாருங்க. கோப்டோஸ்ல இருந்து லக்ஸர் சுமார் 40 கிலோமீட்டர்தான். திருப்பூர்ல இருந்து கோயமுத்தூர் போற தூரத்தைவிடக் குறைவு. நாலு மாசம் கையில இருக்கிற ஆளு அங்க போகாம இருந்தாத்தான் ஆச்சரியம்.

இன்னொண்ணு, அந்தப் பள்ளத்தாக்கு அப்பவே ஒரு டூரிஸ்ட் ஸ்பாட். கல்லறைகள் அப்பவே 1,100 வருஷத்துக்கு மேல பழசு. நமக்கு மாமல்லபுரம் எவ்வளவு பழசோ, கிட்டத்தட்ட அதே இடைவெளி. கிரேக்கரும் ரோமானியரும் கூட்டமா வந்தாங்க. பக்கத்துல மெம்னான் சிலைன்னு ரெண்டு பெரிய உருவம் உட்கார்ந்திருக்கும். அதுல ஒண்ணு விடியற்காலையில ஒலி எழுப்பும்னு பிரசித்தம். கி.பி. 130ல ரோமப் பேரரசர் ஹாட்ரியனே பரிவாரத்தோட வந்து கேட்டுட்டுப் போனார். கூட வந்த ஜூலியா பால்பில்லா என்ற பெண் கவிஞர், சிலையோட கால்லயே கவிதையைச் செதுக்க வெச்சார். ஆக, பேர் எழுதுறதுல பேரரசர் கூட்டத்துக்கும் வணிகருக்கும் அங்க வித்தியாசம் இல்ல.

கல்லறைச் சுவர்கள்ல மட்டும் 2,000க்கு மேல கிரேக்க, லத்தீன் கிறுக்கல்கள் இருக்கு. பிரெஞ்சு அறிஞர் ஜூல் பையே அதையெல்லாம் தொகுத்து 1920கள்ல வெளியிட்டார். அதுல அடிக்கடி வர்ற வாசகம் ஒண்ணுதான்: இன்னார் வந்தேன், பார்த்தேன். சில பேர் வியந்தேன்னும் சேர்த்துக்குவாங்க. தமிழ்ப் பொறிப்புகள்லயும் 'வந்து கண்டான்' என்ற பொருள்ல வாசகம் வருது. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். கொற்றனுக்குக் கிரேக்கம் படிக்கத் தெரிஞ்சிருக்கணும், இல்ல கூட வந்த யாரோ படிச்சுச் சொல்லியிருக்கணும். சுத்தி இருக்கிறவன் என்ன எழுதியிருக்கான்னு புரிஞ்சுக்கிட்டு, அதே பாணியில, தன் மொழியில, தன் எழுத்துல எழுதியிருக்கார். கிரேக்கத்துல எழுதல பாருங்க.

தனியா போயிருப்பாரா? வாய்ப்புக் கம்மி. பாலைவனத்தை யாரும் தனியா கடக்க மாட்டாங்க, ஒட்டகக் கூட்டத்தோடதான் போவாங்க. கோபான், சாத்தன், கீரன் எல்லாம் ஒரே செட்டுன்னு சொல்லிட முடியாது. பொறிப்புகளோட காலம் ரெண்டு மூணு நூற்றாண்டு நீளுது. ஆனா ஒரு பழக்கம் இருந்திருக்கு: நம்ம ஆளுங்க அந்தப் பக்கம் போனா அங்க ஒரு நடை போயிட்டு வருவாங்க. சமஸ்கிருதப் பொறிப்பு ஒண்ணு க்ஷகராத மன்னரோட தூதர் வந்ததாச் சொல்லுது. மேற்கு இந்தியாவை ஆண்ட வம்சம் அது. வணிகர் எழுதின அதே இடத்துல அரசாங்க ஆளும் எழுதியிருக்கார். அலெக்ஸாண்ட்ரியாவுல பேச வந்த டியோ கிறிசொஸ்தம் என்ற பேச்சாளர், கூட்டத்துல சில இந்தியர்களும் உட்கார்ந்திருக்கிறதைக் குறிப்பிடுறார். அந்த ஊர்க்காரங்களுக்கு இந்திய முகம் புதுசு இல்ல.

கல்லறை கிடைக்கிறதுக்கு முன்னாடியே துறைமுகங்கள்ல தமிழ் கிடைச்சிருந்தது. மையோஸ் ஹோர்மோஸ் இருந்த இடம் இன்னைக்குக் குசைர் அல் காதிம். அங்க பானை ஓடுகள்ல கணன், சாதன்னு பேர்கள். இன்னொரு ஓட்டுல 'பானை ஒறி'. ஐராவதம் மகாதேவன் அதைப் படிச்சுச் சொன்னார். ஒறின்னா உறி, பால் தயிர்ப் பானையைக் கட்டித் தொங்கவிடுற கயிறு. நம்ம பாட்டி வீட்டுச் சாமான், செங்கடல் கரையில. பெரனிகேல செராபிஸ் கோவில் முற்றத்துல, இந்தியாவுல செஞ்ச ஒரு ஜாடிக்குள்ள 7.5 கிலோ மிளகு அப்படியே இருந்தது.

இப்போ நம்ம ஊர்க்காரங்களுக்கு மட்டும் புரியுற ஒரு விஷயம். பெரனிகேல மிளகு மட்டும் கிடைக்கல, பருத்தித் துணியும் கிடைச்சது. பாலைவனம் காய்ஞ்ச இடம்கிறதால கந்தல் கந்தலா மிஞ்சியிருக்கு. ஜான் பீட்டர் வைல்ட், ஃபெலிசிட்டி வைல்ட்னு துணி ஆய்வாளர் தம்பதி அதை உட்கார்ந்து படிச்சாங்க. எது எகிப்துத் துணி, எது இந்தியத் துணின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நூல் முறுக்கை வெச்சு. எகிப்துல நூல் 'எஸ்' முறுக்கு. இந்தியாவுல 'இசட்' முறுக்கு. பனியன் துவைச்சதும் சைடு தையல் சுத்திக்கிட்டு முன்னாடி வருதேன்னு செக்கிங் டேபிள்ல சண்டை நடக்குமே, அதுக்குக் காரணமான அதே முறுக்குதான். 2,000 வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் தக்களியை எந்தப் பக்கம் சுத்தினாங்கன்னு ஒரு கந்தல் சாட்சி சொல்லுது. துணி மட்டும் இல்ல, கப்பல் பாய்களோட துண்டுகளும் அப்படி இந்தியப் பருத்தியில கிடைச்சிருக்கு.

நூத்தது எந்த ஊருன்னு கந்தல் சொல்லாது. ஆனா நம்ம நொய்யல் கரைக்கும் அந்தப் பாலைவனத்துக்கும் ஒரு கோடு போட முடியும். திருப்பூருக்குக் கிழக்கே, சென்னிமலைக்கு மேற்கே 15 கிலோமீட்டர்ல, நொய்யலோட வடகரையில கொடுமணல். 1980கள்ல இருந்து தோண்டுறாங்க. இரும்பு உருக்கின உலை, கல்மணி செஞ்ச பட்டறை, நூல் நூக்கிற தக்களி வட்டு, நூத்துக்கணக்கான எழுத்துப் பொறிச்ச பானை ஓடுகள். காங்கேயம் பக்கத்துப் படியூர்ல பெரில் கல்லு. ரோமானியருக்கு அந்தக் கல்லுன்னா உயிர். முசிறியில இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியா கரூருக்குப் போற பாதை மேல கொடுமணல் உட்கார்ந்திருக்கு. அதே பாதையில கோவை வெள்ளலூர்ல 1842ல ஒரே புதையலா 522 ரோமானிய வெள்ளிக் காசு கிடைச்சுது.

எழுதத் தெரிஞ்ச வணிகர்கள் இங்க சகஜம். மதுரைப் பக்கம் அழகர்மலைக் குகையில தமிழிப் பொறிப்புகள்ல உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன்னு தொழிலைப் போட்டே பேர் எழுதியிருக்காங்க. அறுவைன்னா மொக்கை ஜோக் இல்லங்க, துணி. தறியில இருந்து அறுத்து எடுக்கிறதால அறுவை. கொற்றன் தன் தொழிலைப் போடல, ஊரையும் போடல. கொற்றம்னா வெற்றி. சேரனோட படைத்தலைவன் பிட்டங்கொற்றன் பேரைப் புறநானூறு படிச்சவங்க கேட்டிருப்பீங்க. சிகைன்னா குடுமி. குடுமிக் கொற்றன்னு கூப்பிட்டிருப்பாங்கன்னு நினைச்சா எனக்குச் சிரிப்பு வருது. நம்ம ஊர்ல ஒரே பேர்ல நாலு பேர் இருந்தா இப்படித்தானே அடையாளம் சொல்லுவோம்.

ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. பழைய சுவத்துல பேர் எழுதினதைக் கொண்டாடலாமா? 2013ல ஒரு சீனப் பள்ளி மாணவன் லக்ஸர் கோவில்ல தன் பேரைக் கீறினான். இணையமே திரண்டு திட்டுச்சு, பெத்தவங்க மன்னிப்புக் கேட்டாங்க. அவனுக்கு ஒரு நியாயம், கொற்றனுக்கு ஒரு நியாயமா? ஆமாம்னுதான் நான் சொல்லுவேன். கொற்றன் காலத்துல அது வந்தவங்க எல்லாரும் செஞ்ச வழக்கம். காவலும் இல்ல, பாதுகாக்கணும்னு ஒரு எண்ணமும் இல்ல. அந்தக் கீறல் இல்லாட்டி அவர் அங்க போனதுக்கு வேற சாட்சியே கிடையாது. இன்னைக்கு உங்களுக்குப் போர்டிங் பாஸ் இருக்கு, பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் இருக்கு, இன்ஸ்டால நாப்பது ஸ்டோரி இருக்கு.

இதுல எனக்கு உறுத்துறது வேற. இத்தனை கிரேக்கக் கிறுக்கலைப் பையே தொகுத்து நூறு வருஷம் ஆகுது. அதுக்கப்புறம் லட்சக்கணக்கான பேர் அந்தச் சுவரைத் தாண்டிப் போயிருக்காங்க. தமிழி படிக்கத் தெரிஞ்ச ஒரு கண்ணு அந்த வழியா போற வரைக்கும் கொற்றன் வெறும் கீறலாத்தான் இருந்தார். ஸ்ட்ராவுக் இதுக்கு முன்னாடி சொகோத்ரா தீவுல ஹோக் குகையில இந்திய மாலுமிங்க எழுதின ஏராளமான பொறிப்புகளைப் படிச்சவர். அதனாலதான் கண்ணுல பட்டுச்சு.

தமிழி எழுத்து கத்துக்கிறது கஷ்டம் இல்ல. உயிரும் மெய்யும் சேர்த்து முப்பது எழுத்துக்குள்ள, ஒரு வாரம் உட்கார்ந்தா போதும். கத்துக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை, ரெண்டு மூணு ஃப்ரெண்ட்ஸோட, பைக்ல புகளூர் போய்ட்டு வாங்க, கரூர் பக்கம். ஆறுநாட்டான் மலைக் குகையில சேர அரசர் பேரும், கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி பேரும் பாறையில இருக்கு. படிச்சுப் பாருங்க. உங்க பேரை மட்டும் அங்க எழுதிட்டு வந்துடாதீங்க.