பெயர் பெரிதானால் பக்கம் முந்தும்: தேடுபொறித் தரவரிசையும் நார்த்தாமலை பற்றிய அறிவும்

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், மேலமலைச் சரிவில் மேற்கு நோக்கி நிற்கும் கற்றளியை விசயாலய சோழீசுவரம் என்றே ஊரும் உலகமும் அறியும். ஆனால் வாயிற்காவலர் சிற்பத்தை ஒட்டிய கல்வெட்டு வேறு இருவரைப் பேசுகிறது. கோயிலை எடுப்பித்தவர் சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையர்; மழையால் இடிந்ததைப் புதுப்பித்தவர் மல்லன் விடுமன். விசயாலயன் பெயரில் கோயில் சுட்டப்படுவது 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டில்தான். எடுப்பித்தவர் முத்தரையரா, சோழரா என்பதில் அறிஞர்கள் உடன்பட்டதில்லை. அந்த வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. சாத்தன் பூதியைப் பற்றி ஒருவர் பொறுப்பாக எழுதி இணையத்தில் வைத்தால், தேடுபொறி அதை எந்த இடத்தில் நிறுத்தும், ஏன் அங்கே நிறுத்தும் என்பதே இங்கு கேள்வி.

1998இல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் முன்வைத்த பேஜ்ரேங்க் முறை, அறிவுலக வழக்கத்திலிருந்து கடன் வாங்கியது. பலரால் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைக்கு மதிப்பு அதிகம். அப்படியே பலரும் இணைப்புக் கொடுக்கும் பக்கத்துக்கும் மதிப்பு அதிகம். விளம்பர வருவாயில் வாழும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும் என்ற எச்சரிக்கையும் அவர்களது அதே ஆண்டுக் கட்டுரையில் உண்டு. அதை எழுதியவர்களின் கூகுளே பின்னாளில் அந்தத் தொழிலில் உலகின் முதலிடத்துக்கு வந்தது.

எடை பக்கத்திலிருந்து பெயருக்கு மாறியது மெல்ல மெல்ல நடந்தது. 2008 அக்டோபரில், கூகுளின் அன்றைய தலைமைச் செயல் அலுவலர் எரிக் ஷ்மிட், இணையம் சாக்கடையாகி வருகிறது, அதைத் தரம்பிரிக்க வழி பிராண்டுகளே என்ற பொருளில் இதழ்த் துறையினரிடம் பேசினார். சில மாதங்களில், 2009 தொடக்கத்தில், கூகுள் தரவரிசையில் ‘வின்ஸ்’ என்ற மாற்றம் வந்தது. பொதுவான தேடல்களில் பெரிய நிறுவனங்கள் மேலேறியதைப் பலரும் கவனித்தனர். கூகுளின் மேட் கட்ஸ், இது பிராண்டுக்கான சலுகையன்று, நம்பகத்தன்மைக்குத் தரப்படும் எடை என்று விளக்கினார். விளக்கம் பொய்யன்று. ஆனால் நம்பகத்தன்மையை எதைக் கொண்டு அளப்பது? எத்தனை பேர் இணைப்புக் கொடுத்தார்கள், எத்தனை பேர் அந்தப் பெயரையே தட்டித் தேடினார்கள் என்பவை போன்ற அளவுகோல்களைக் கையில் எடுத்தால், விளம்பரத்துக்குப் பணம் உள்ளவரே நம்பகமானவராகத் தெரிவார். நோக்கம் எதுவாயினும் விளைவு ஒன்றுதான். 2011இன் ‘பாண்டா’, 2018 ஆகஸ்டு மாற்றம், 2022இல் தொடங்கிய ‘பயனுள்ள உள்ளடக்க’ மாற்றம் ஆகியவற்றுக்கும் அறிவிக்கப்பட்ட நோக்கம் தரமே. 2023 செப்டம்பருக்குப் பின் தனியார் சிறு தளங்கள் பல வாசகரில் பெரும்பகுதியை இழந்தன. காற்றுச் சுத்திகரிப்பான்களைத் தாமே வாங்கிச் சோதித்து எழுதிவந்த ‘ஹவுஸ்ஃப்ரெஷ்’ தளம், பழைய இதழ்ப் பெயர்களைத் தாங்கிய பெருந்தளங்கள் தம்மை எப்படிப் பின்னுக்குத் தள்ளின என்பதை 2024 பிப்ரவரியில் விரிவாக எழுதியது.

இதில் மிகவும் கவனிக்க வேண்டியது சொடுக்குக் கணக்கு. அமெரிக்க அரசு கூகுள்மீது தொடுத்த வழக்கில், ‘நேவ்பூஸ்ட்’ என்ற ஏற்பாடு 13 மாதச் சொடுக்குத் தரவுகளைப் பயன்படுத்துவதாக 2023இல் கூகுள் தரப்புச் சாட்சியமே வந்தது. 2024 மே மாதம் வெளியே கசிந்த உள் ஆவணங்களில், தளம் முழுமைக்குமான செல்வாக்கைக் குறிக்கும் ஓர் அளவுகோலும் இடம்பெற்றிருந்தது. ஆவணங்கள் தம்முடையவை என்று ஒப்பிய கூகுள், சூழல் அறியாமல் முடிவுகட்ட வேண்டாம் என்றது. முடிவுகட்டாமலே ஒன்று சொல்லலாம். மக்கள் தெரிந்த பெயரைச் சொடுக்குகிறார்கள், சொடுக்கப்பட்டது மேலேறுகிறது, மேலே இருப்பது இன்னும் தெரிந்த பெயராகிறது. நார்த்தாமலைக் குடைவரையான ‘பழியிலி ஈசுவரம்’ போன்ற, தேடுவோர் மிகச் சிலரேயான சொல்லுக்குச் சொடுக்குத் தரவு சேர்வதே அரிது. அங்கே தளத்தின் பொதுச் செல்வாக்கே தீர்மானிக்கும் என்பது என் ஊகம். ஆயினும் வலுவான ஊகம்.

நார்த்தாமலையைப் பொறுத்தவரை அறிவு இருக்கும் இடம் வேறு, செல்வாக்கு இருக்கும் இடம் வேறு. பழியிலி ஈசுவரக் குடைவரையைக் குடைவித்தவர் விடேல்விடுகு முத்தரையரின் மகன் சாத்தன் பழியிலி. அவர் மகள் பழியிலி சிறியநங்கை முகமண்டபம் உள்ளிட்ட கட்டுமானங்களைச் செய்வித்தார். காலம் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 7ஆம் ஆட்சியாண்டு. இத்தகைய செய்திகள் 1929இல் வெளியான புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுத் தொகுதியிலும், கே. ஆர். வெங்கடராம ஐயரின் புதுக்கோட்டை வரலாற்றுக் கையேட்டிலும் உள்ளன. அவற்றை இணையத்துக்குக் கொண்டுவந்தவர்கள் திருச்சியின் இரா. கலைக்கோவனைச் சூழ்ந்து 2004இல் உருவான வரலாறு.காம் மின்னிதழ் போன்ற சிறு முயற்சிகளும், விடுமுறையில் மலையேறி எழுதிய வலைப்பூக்காரர்களுமே. சுற்றுலாப் பெருந்தளங்களின் பலம் விடுதி முன்பதிவு, பயணச்சீட்டு, விளம்பரம். கல்வெட்டை வாசித்தது அவர்களுக்குத் தகுதியாக வேண்டியதில்லை. கடை பெரிது என்பதற்காகக் கடைக்காரரிடம் வைத்தியம் கேட்பது போன்றது இது.

மறுதரப்பில் நியாயம் இல்லாமலில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் நகலெடுத்து, தலைப்பை மாற்றி, விளம்பரம் ஒட்டிப் பிழைக்கும் தமிழ்த் தளங்களுக்குப் பஞ்சமில்லை. செயற்கை நுண்ணறிவு வந்தபின் அது இன்னும் எளிதாகிவிட்டது. இந்தக் குப்பையில் பொய்யாக உருவாக்க மிகக் கடினமானது நற்பெயர் என்பதால் எந்திரம் அதைப் பற்றிக்கொள்கிறது. மலிவான வழி அது. மருந்து, முதலீடு போன்றவற்றில் அது பயன் தரக்கூடும். உள்ளூர் வரலாற்றில் அது தவறான இடத்தில் பிடித்த கயிறு.

சட்டம் உதவுமா? தமிழ்நாட்டிலிருந்தே ஒரு சான்று உண்டு. சென்னையின் மேட்ரிமனி.காம் நிறுவனமும் சி.யூ.டி.எஸ். என்ற நுகர்வோர் அமைப்பும் கொடுத்த புகார்களின்மேல் 2012இல் வழக்குப் பதிவானது. இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரி 8இல் பெரும்பான்மைத் தீர்ப்பாகக் கூகுளுக்கு ரூ.135.86 கோடி அபராதம் விதித்தது. விமானப் பயணத் தேடலில் தன் சொந்தப் பகுதியை முன்னிறுத்தியது, 2010க்கு முன் சில வகை முடிவுகளுக்கு நிலையான இடம் ஒதுக்கியது, பிற தளங்களுடனான தேடல் ஒப்பந்தங்களில் கட்டுப்பாடு விதித்தது ஆகியவை குற்றமாகக் கொள்ளப்பட்டன. வணிகப் பெயர்களை விளம்பரச் சொல்லாக ஏலம்விடுவது குறித்த புகார் ஏற்கப்படவில்லை. இங்கே தண்டிக்கப்பட்டது கூகுள் தனக்கே செய்துகொண்ட சலுகை. பிற பெரும்பெயர்களுக்குப் பொது முடிவுகளில் சேரும் எடை அந்தத் தீர்ப்பால் தீர்ந்த பொருளன்று. புகார் கொடுத்தவரும் திருமணத் தகவல் துறையில் ஒரு பெரும்பெயர்தான். ஆணையத்தின் வாசல்வரை போக வழக்கறிஞர் கட்டணம் உள்ளவர் அவர். வலைப்பூக்காரருக்கு அந்த வாசலே தெரியாது.

ஆகவே ஆணையத்துக்காகக் காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று நம்மிடமே உள்ளது. பேஜ்ரேங்க் எடுத்துக்கொண்ட மேற்கோள் வழக்கம் ஆய்வுலகத்தினரான நம்முடையது. அதை இணையத்தில் நாமே கைவிட்டுவிட்டோம். கல்விப்புலக் கட்டுரைகள் பெரும்பாலும் படக்கோப்புகளாக முடங்குகின்றன. வலைப்பூவில் கண்ட கல்வெட்டுப் படத்தைப் பயன்படுத்தியவர் அதன் முகவரியைக் குறிப்பதில்லை. நார்த்தாமலை பற்றி இனி எழுதும் ஆய்வாளர்கள் கட்டுரையைத் தேடத்தக்க எழுத்து வடிவில் வெளியிட வேண்டும். முதலில் களத்துக்குச் சென்று படித்தவர் யாரோ, அவர் பக்கத்துக்கு நேரடி இணைப்புத் தர வேண்டும். பல்கலைக்கழகத் தளங்களுக்குள்ள செல்வாக்கில் ஒரு பங்கு அந்த வழியே சிறு பக்கங்களுக்குச் சேரும். இதழாசிரியர்கள் இதை விதியாகவே வைக்கலாம்.