பொம்மை நகரில் பெரியம்மை

வைசூரி வந்த வீட்டு வாசலில் வேப்பிலை கட்டினர். "அம்மாள் வந்திருக்கிறாள்" என்று குரல் தாழ்த்திப் பேசினர். எந்த வழியாக வந்தாள்? கேட்டவர் சிலரே. சந்தைக்குச் சென்று திரும்பிய மனிதனோடு வந்தாள் என்பதன்றோ விடை!

அந்த வழியை ஏட்டிலே கணக்காக்கியோர் இருவர்: எடின்பரோவில் கெர்மாக், மெக்கெண்ட்ரிக். இரண்டாமவர் இந்தியாவில் பணிபுரிந்த மருத்துவர். முதல்வரோ, 1924இல் ஆய்வுக்கூட விபத்தில் பார்வை இழந்த வேதியல் அறிஞர். கண்ணிழந்தவர் கண்டார், தோழர்களே. கண்ணுடையோர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றனர்! தொற்றாதோர், தொற்றியோர், விலகியோர் என மக்களை மூவகையாக்கி, 1927இல் சமன்பாடு தந்தனர். 1905-06இல் பம்பாயில் வாரந்தோறும் பிளேக்கால் மாண்டோர் தொகை ஏறி இறங்கிய கோடு, அச்சமன்பாட்டோடு பொருந்திற்று.

எனினும் அதில் மனிதர், மூட்டையில் கிடக்கும் நெல்மணிகள். எவரும் எவரோடும் ஒரே அளவில் உரசுவர். ஊர் அப்படியா இருக்கிறது? நாம் நாற்பது பிள்ளைகளோடு ஓரறையில் அடைபட்டிருக்கிறோம். ஆடு மேய்ப்பவனோ பகலெல்லாம் தனியே திரிகிறான்.

இக்குறையைக் களையக் கருவி கிடைத்த இடம் வியப்பானது. அணுகுண்டை ஆக்கிய லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில், சாலை நெரிசலை ஆராயக் கணிப்பொறிக்குள் நகரம் படைத்திருந்தனர். அதையே நோயாராய்ச்சிக்குத் திருப்பினர் யூபேங்கும் உடனிருந்தோரும். 2004இல் வெளியான அவ்வாய்வின் களம், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரம். ஏறத்தாழ 15 இலட்சம் பொம்மை மனிதர். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு வயது, ஒரு வேலை, புறப்படும் நேரம், திரும்பும் நேரம். அவர்களிடையே பெரியம்மையை ஏவினர், கணிப்பொறிக்குள்தான், அஞ்சற்க! 1980இல் ஒழிந்ததென அறிவிக்கப்பட்ட அந்நோயைக் கொடியவர் எவரேனும் படைக்கலமாக்கினால் என் செய்வது என்பதே அவர்தம் கவலை.

ஊர் முழுவதற்கும் ஊசி வேண்டியதில்லை. விரைந்து கண்டறிந்து, உரியோரைத் தேடி ஊசியிட்டால் தடுத்துவிடலாம் என்று தெரிந்தது. யாவற்றினும் மேலாக, நோயுற்றவன் எத்துணை விரைவில் வீட்டில் ஒதுங்குகிறான் என்பதே ஊரின் விதியைத் தீர்த்தது. விதி என்ற சொல்லை நாம் பயன்படுத்த நேர்ந்ததே!

வீட்டில் ஒதுங்கு. சொல்வது எளிது. பொம்மை மனிதனுக்குப் பசியில்லை. அவன் அடுப்பு அணைவதில்லை. 2020 மார்ச்சில், கொரோனாவுக்காக நாடே அடங்குக என்ற ஆணை பிறந்தபோது, கூலியிழந்த தொழிலாளர் பிள்ளைகளைத் தோளில் சுமந்து, நெடுஞ்சாலைகளில் நூற்றுக்கணக்கான கல் தொலைவு நடந்தனர். போர்ட்லண்டின் பொம்மைகளில் ஒன்றேனும் அப்படி நடக்கவில்லை.