பதினேழில் பதினொன்று

ஒரு குழுவில் 17 பேர் ஓட்டுப் போடும் இடத்தில் 11 பேர் ஆதரித்தால் தீர்மானம் ஜெயிச்சதுன்னுதானே அர்த்தம்? 1919 ஏப்ரல் 11 அன்று பாரிஸில் அது தோற்றுப்போனது. காரணம், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்.

முதல் உலகப்போர் முடிந்து, சர்வதேச சங்கத்துக்கான சாசனத்தை ஒரு குழு எழுதிக்கொண்டிருந்தது. தலைவர், அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன். அதில் ஜப்பான் பிரதிநிதி மகினோ நொபுஅகி பிப்ரவரியிலேயே ஒரு கோரிக்கை வைத்தார்: சங்கத்தின் உறுப்பு நாட்டவர் யாரையும் இனத்தைக் காட்டி வேறுபாடாக நடத்தக்கூடாது. எடுபடவில்லை. ஏப்ரலில் திரும்ப வந்தபோது 'இனம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டார். நாடுகளின் சமத்துவம், அவற்றின் குடிமக்களுக்கு நியாயமான நடத்தை, அவ்வளவுதான். அதுவும் சட்டப்பிரிவாக இல்லை, முன்னுரையில் ஒரு வரியாக.

அந்த ஒரு வரிக்கே ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸ் கொதித்தார். அவர் குழு உறுப்பினர்கூட இல்லை. ஆனால் அவர் எதிர்ப்பை மீறி பிரிட்டன் நகராது. ஏன் பயம்? ஆஸ்திரேலியாவின் 1901 குடியேற்றச் சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வருகிறவரிடம் 50 வார்த்தை 'டிக்டேஷன்' கொடுக்கலாம் என்று மட்டும்தான் இருந்தது. எந்த மொழியில் என்பது அதிகாரியின் இஷ்டம்! வெளியே மொழிப் பரீட்சை, உள்ளே நிறப் பரீட்சை. சமத்துவம் என்று பொதுவாக எழுதினாலே அது ஆட்டம் காணும்.

ஓட்டெடுப்பில் பிரான்ஸ், இத்தாலி, சீனா, பிரேசில் எல்லாம் ஜப்பான் பக்கம் நின்றன. வில்சனோ, கடுமையான எதிர்ப்பு இருப்பதால் ஒருமனதாக இருந்தால்தான் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெரும்பான்மை ஆதரவு இருக்கிறதே என்று பிரெஞ்சுப் பிரதிநிதி லார்னோட் சுட்டிக்காட்டியும் பலனில்லை. தன் நாட்டு மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பர்களைத் தனியே பிரித்து வைக்க அனுமதித்த நிர்வாகமும் இதே வில்சனுடையதுதான்.

ஜப்பானை தியாகியாக்க வேண்டியதில்லை. சமத்துவம் கேட்ட அதே வாரங்களில் கொரியாவில் மார்ச் 1 விடுதலைப் போராட்டத்தை ராணுவத்தை வைத்து நசுக்கிக்கொண்டிருந்தது. கேட்டவர் யோக்கியரா என்பது ஒரு கேள்வி. கேட்டது நியாயமா என்பது வேறு. இரண்டையும் குழப்பினால் லாபம் மறுத்தவருக்குத்தான்.

இந்தக் கதைக்கு நம்ம பக்கத்திலும் ஒரு தொடர்ச்சி உண்டு. தென்னாப்பிரிக்க இந்தியர்கள் மீதான பாகுபாட்டை 1946இல் இந்தியா ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் சந்ததிகளும் அவர்களில் அடக்கம். இந்தியா தரப்பில் விஜயலட்சுமி பண்டிட். எதிரே தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். 1919 சாசனக் குழுவில் பிரிட்டிஷ் பேரரசின் உறுப்பினராக இருந்த அதே ஸ்மட்ஸ்! இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றார். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற விதி இங்கும் முன்னால் நின்றது. டிசம்பர் 8 அன்று ஆதரவு 32, எதிர்ப்பு 15. மயிரிழையில் தாண்டியது.

தென்னாப்பிரிக்கா அந்தத் தீர்மானத்தை மதிக்கவில்லை, நிறவெறி மேலும் இறுகியது என்பது உண்மைதான். ஆனால் 1919இல் பேச்சையே எடுக்கவிடாமல் மூடிய கதவு அன்று திறந்தது. நிறத்தைப் பற்றி விவாதம் நடக்கும் இடத்தில் யார் என்ன பேசினார்கள் என்று பார்ப்பதோடு நிறுத்தாதீங்க. விதியை யார் வைத்தார்கள், அதை எப்போது மாற்றினார்கள் என்றும் பாருங்க.