நீலநீரும் வெண்ணீரும்

அரபு நாடுகளில் இன்று கண் நீரழுத்த நோயை ‘அல்மாஉல் அஸ்ரக்’, அதாவது நீலநீர் என வழங்குவர். கண்புரையை ‘அல்மாஉல் அப்யழ்’, வெண்ணீர் என்பர். இரண்டையும் நீர் என்றதில் பழைய மயக்கம் ஒன்று தங்கியுள்ளது. தலையிலிருந்து ஒரு நீர் இறங்கிக் கண்மணிக்குப் பின் உறைவதே புரை எனக் கிரேக்கர் கருதினர். அக்கருத்தை ஏற்ற அரபு மருத்துவர் அதற்கு ‘நுஸூலுல் மாஃ’, நீர் இறங்குதல், எனப் பெயரிட்டனர். லத்தீனுக்குச் சென்றபோது அது அருவியைக் குறிக்கும் ‘கேட்டராக்ட்டா’ ஆயிற்று.

வெண்ணீருக்கு அன்றே சிகிச்சை இருந்தது. கலீஃபா அல்ஹாகிமின் ஆட்சியில் (996–1021) கெய்ரோவில் வாழ்ந்த அம்மார் அல்மவ்ஸிலீ, உள்துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதிவைத்தார். நீலநீரோ கைக்கு எட்டவில்லை. 14ஆம் நூற்றாண்டில் அதே நகரத்து ஷம்சுத்தீன் என்பார் ‘கண்மணியின் தலைவலி’ என ஒரு நோயைக் குறித்துள்ளார்: கண்ணில் வலி, ஒற்றைத் தலைவலி, கண்மணி விரிதல், நாட்பட்டால் கண் இறுகிப் பார்வை போதல். இதைக் காட்டி, நோயின் முழு விளக்கமும் நம்மவரிடமே இருந்தது என மேடையில் முழங்குவோர் உளர். அது மிகை. அவர் கண்டது வலியோடு வரும் வகையை மட்டுமே. வலியின்றி மெல்லப் பார்வையைத் தின்னும் வகையை, 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியை அமைத்த பின்னரே இனங்காண முடிந்தது.

நீர் என்ற பெயர் முற்றிலும் பிழையுமன்று. கண்ணுக்குள்ளேயே ஒரு நீர் ஓயாது சுரக்கிறது. விழிவெண்படலமும் கருவிழித்திரையும் கூடும் கோணத்திலுள்ள சல்லடை போன்ற திசு வழியே அது வடிகிறது. வடிகால் தடைப்பட்டால் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு நசிகிறது. ஆக, நீர் இறங்குவதன்று நோய். இறங்காமல் நிற்பதே நோய்.

1979இல் அமெரிக்காவின் வைஸ், விட்டர் இருவரும் ஆர்கான் லேசர் ஒளியை அச்சல்லடையில் பாய்ச்சி அழுத்தம் குறைவதைக் காட்டினர். அதன் வெப்பம் திசுவில் தழும்பு விட்டது. 1995இல் லட்டினா, பார்க் ஆகியோர் வெளியிட்ட முறையில், ஒரு நொடியின் நூறு கோடியில் மூன்று பங்கே நீடிக்கும் பச்சை ஒளித்துடிப்பு நிறமி கொண்ட உயிரணுக்களை மட்டும் தாக்குகிறது. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்திட்டுச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆண்டுகள் செல்லப் பயன் குறைந்தால் மீண்டும் செய்யலாம். இதை முதற் சிகிச்சையாகப் பெற்றோரில் ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு மூன்றாண்டு கழித்தும் சொட்டு மருந்து தேவைப்படவில்லை என 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வு கூறுகிறது.

எனினும் நசிந்த நரம்பை எந்த லேசரும் மீட்பதில்லை. மங்கலாகத் தெரிகிறதே, புரை முதிரட்டும் எனக் காத்திருக்கும் முதியவர் கண்ணில் இருப்பது வெண்ணீரா, நீலநீரா என்பதை அழுத்தத்தை அளந்தும் நரம்பைப் பார்த்துமே மருத்துவர் சொல்ல இயலும்.