கோப்பி இலைத்துரு நோயும் எதிர்ப்புப் பரம்பரையலகுகளின் கூர்ப்பும்

இலங்கையின் பொருளியல் வரலாற்றில் 1869ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். அவ்வாண்டிலே மடுல்சீமைப் பகுதிக் கோப்பிச் செடிகளில், இலைகளின் கீழ்ப்புறத்தே செம்மஞ்சள் பொடி படியும் புதிய நோயொன்று அவதானிக்கப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அனுப்பிய இலைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த பேர்க்லி, நோய்க்காரணியான பங்கசுக்கு 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயரிட்டார். அடுத்த இரு தசாப்தங்களுள் கோப்பிப் பெருந்தோட்டத்துறை சீரழிந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. கைவிடப்பட்ட தோட்டங்களிலே தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் தமக்குச் சேரவேண்டிய கூலியையும் இழந்தனர்.

கோப்பிச் செடி இந்நோயை எதிர்க்க இயலாமற் போனது ஏன்? 1880 தொடக்கம் 1882 வரை இங்கு ஆய்வு நடத்திய மார்ஷல் வார்ட், வித்திகள் காற்றாற் பரவுவதையும், இடைவெளியின்றி ஒரே பயிர் நடப்பட்டமை அப்பரவலுக்குத் துணைபுரிந்ததையும் எடுத்துக்காட்டினார். எனினும், முழு விடையைப் பிற்காலப் பரம்பரையியலே தந்தது.

தாவரக் கலங்களிலுள்ள சில புரதங்கள், நோய்க்காரணி வெளிவிடும் பொருள்களை இனங்கண்டு எதிர்ப்பைத் தூண்டுகின்றன. இவற்றுக்குரிய பரம்பரையலகுகள் பெரும்பாலும் நிறமூர்த்தங்களிற் கொத்துக்கொத்தாக அமைந்துள்ளன. ஓர் அலகு இரட்டிக்கும்போது, ஒரு பிரதி பழைய தொழிலைச் செய்ய, மற்றையது விகாரத்தால் மாறுபடலாம். சமனற்ற குறுக்குப் பரிமாற்றத்தாற் புதிய சேர்க்கைகளும் தோன்றும். அவற்றுட் பல பயனற்றவை. பகைவனை இனங்காண்பதை இயற்கைத்தேர்வு பேணுகின்றது. பகைவனும் மாறுவதால் இப்போட்டி ஓய்வதில்லை. 1940களில் ஆளிச்செடியின் துருநோயை ஆராய்ந்த புளோர், தாவரத்தின் ஒவ்வோர் எதிர்ப்பு அலகுக்கும் நேராகப் பங்கசிலும் ஓர் அலகு உண்டு என நிறுவினார்.

இத்தகைய கூர்ப்புக்குப் பல்வகைமையும் தலைமுறை மாற்றமும் இன்றியமையாதவை. அராபிக்காக் கோப்பியின் தாயகம் எதியோப்பியா. அங்கிருந்து யேமன் வழியாக உலகெங்கும் பரவியவை சில விதைகளின் வழித்தோன்றல்களே. அது தன்மகரந்தச் சேர்க்கை கொள்வதாதலால் வேறுபாடு மேலும் குன்றியது. தோட்டத்திற் செடி பல்லாண்டு அவ்வாறே நிற்க, பங்கசோ ஓராண்டிலேயே பல தலைமுறைகளைக் கண்டது. சமமற்ற போட்டி இதுவாகும்.

பின்னர் எதிர்ப்பு வெளியிலிருந்து பெறப்பட்டது. 1920களிலே தீமோர்த் தீவில், அராபிக்காவும் ரொபஸ்ராவும் இயற்கையாகக் கலந்து தோன்றிய செடி கண்டெடுக்கப்பட்டது. அதன் எதிர்ப்பு அலகுகள் 1959இல் போர்த்துக்கலில் நடைபெற்ற கலப்பினவாக்கத்தின் மூலம் 'கற்றிமோர்' வகைகளைச் சென்றடைந்தன. ஆயினும், அவ்வழிவந்த ஹொண்டுராஸின் 'லெம்பிரா' வகையும் 2017 அளவில் எதிர்ப்பை இழந்தது.

ஆகவே, நோயெதிர்ப்பு என்பது ஒருமுறை தேடி வைக்கும் செல்வமன்று. தாவரமும் நோய்க்காரணியும் இடையறாது நடத்தும் வரலாறு. பெருந்தோட்டம் செடியின் பக்கத்தில் அவ்வரலாற்றை நிறுத்திவைத்தது. பங்கசின் பக்கத்தில் அது நிற்கவில்லை. அதன் விலையைச் செலுத்தியோருள் அத்தோட்டங்களை உருவாக்கிய தொழிலாளரும் அடங்குவர். எதியோப்பியக் காடுகளில் எஞ்சியுள்ள காட்டுக் கோப்பியைப் பேணுதல் ஏன் அவசியம் என்பதும் இதனாற் புலனாகும்.