ஆங்கிலிக்கன், பாப்டிஸ்ட், சி.எஸ்.ஐ. - யார் யாரோடு சேர்ந்தார்கள்?

எங்க ஊர்ப் பக்கம் ஒருவர் கிறிஸ்தவர் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி, "ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" என்பதுதான். என்ன வித்தியாசம் என்று கேட்டால் இரண்டு பேருமே முழிப்பார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

சி.எஸ்.ஐ. என்பது பல பிரிவுகள் ஒன்றாகச் சேர்ந்த சபை. நம்ம பி.காம். பாஷையில் அமால்கமேஷன்!

1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது அமெரிக்கன் மிஷன். இவர்கள் காங்கிரிகேஷனல் வகை. பிஷப் கிடையாது, ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே முடிவு செய்யும். திருச்சுழி பக்கத்து மண்டபசாலை இவர்களுடைய நிலையம்தான். (திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி மதுரையில் படித்ததும் அமெரிக்கன் மிஷன் பள்ளியில்தான்.) கிழக்கே ராமநாதபுரத்தில் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் சங்கம். அங்கே பிஷப் தலையில் கைவைத்து அபிஷேகம் செய்தால்தான் குருவானவர். ஒரு மிஷன் இருக்கும் பகுதிக்குள் இன்னொன்று பொதுவாகப் போவதில்லை. ஆக, நம் முன்னோர் எந்தப் பிரிவு என்பதைக் கொள்கை முடிவு செய்யவில்லை, ஊருக்கு எந்த மிஷன் வந்தது என்பதே முடிவு செய்தது.

1919-ல் தரங்கம்பாடியில் இணைப்புப் பேச்சு தொடங்கியது. முன்னால் நின்றவர் திருநெல்வேலிக்காரரான அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப். பெரிய சிக்கல் பிஷப் பதவிதான். பிஷப் கை வைக்காத போதகர்களை ஏற்பதா? கடைசியில், இருப்பவர்களை அப்படியே ஏற்பது, இனி வருபவர்களுக்கு பிஷப் அபிஷேகம் என்று முடிந்தது. 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் எல்லாம் ஒன்றாயின. அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945-லேயே இறந்துவிட்டார். மதுரை-ராமநாதபுரத்தின் முதல் பிஷப் லெஸ்லி நியூபிகின், வயது 37. காஞ்சிபுரத்தில் வேலை செய்த பிரஸ்பிட்டேரியன். பிஷப்பே இல்லாத பிரிவிலிருந்து ஒரு பிஷப்!

பாப்டிஸ்டுகள் சேரவில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் செல்லாது, விசுவாசித்தவர் தானே கேட்டுத் தண்ணீரில் முழுக வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. தெலுங்குப் பகுதியில்தான் இவர்கள் அதிகம். 1878 ஜூலை 3-ல் ஓங்கோல் பக்கம் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு பெற்றார்கள். லுத்தரன் சபையும் தனியாகவே நின்றது. ஆனால் வடக்கே 1970-ல் உருவான சி.என்.ஐ.-யில் பாப்டிஸ்டுகளும் உண்டு. குழந்தை ஞானஸ்நானம், பெரியவர் முழுக்கு இரண்டையும் அங்கே ஏற்றுக்கொண்டார்கள். மனம் இருந்தால் வழி உண்டு என்று தெரிகிறதல்லவா?

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கல்யாணப் பேச்சு என்று வந்தால் இன்றும் பல வீடுகளில் சபைக்கு முன்னால் ஜாதியைத்தான் கேட்கிறார்கள். அமால்கமேஷன் ஆனபிறகும் அந்தப் பழைய கடன் மட்டும் புதுக் கணக்கில் கேரி பார்வர்ட் ஆகிவிட்டது. பிஷப் விஷயத்தை 28 வருடம் உட்கார்ந்து பேசித் தீர்த்தவர்கள், இதை எப்போது பேசப் போகிறார்கள்?